டெத் டூலா ஆகோணும்னு கேட்ட அம்மிணிக்கு

கொழிஞ்சாம்பாறைக்கு அந்தாண்ட இருந்து ஒரு பொண்ணு எனக்கு எழுதியிருந்துச்சு. அப்பா கேன்சர்ல போய் 8 மாசம் ஆகுதுக்கா, கடைசி 19 நாளு கோயமுத்தூர்ல ஐசியூல வச்சிருந்தாங்க, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்னு பாத்ததோட சரி, ஒரு வார்த்தை பேச முடியல, இப்ப நெட்ல டெத் டூலான்னு, சாகப்போறவங்க கூட இருந்து பாத்துக்கற வேலைக்கு ஒரு கோர்ஸ் இருக்குதுன்னு பாத்தேன், ஃபீஸ டாலர்ல கேக்கறாங்க, கட்டிச் சேரலாமா, ஐடி வேலைய விட்டுட்டு இதையே தொழிலா பண்ண முடியுமா, அப்பறம் சாகப்போறவங்க பக்கத்துல உக்காந்து என்னதாங்க்கா பேசறது. இதான் கேள்வி. ரெண்டு வரில முடிக்கற பதில் இல்ல, அதனால பொறுமையா எழுதறேன், வயசுல என்ற மக மாதிரி இருந்தாலும் நீங்கன்னே சொல்றேன், எழுத்துல அப்படித்தான் வருது.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிர்றேன். தையக்கடை வச்சிருக்கறவ. டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல. நோய் தீராதுன்னு ஆனவங்களுக்கு வலியையும் கஷ்டத்தையும் கொறைக்கற வைத்தியந்தான் பாலியேட்டிவ், எங்க பஞ்சாயத்து பாலியேட்டிவ் வண்டில 12 வருஷமா வாரத்துக்கு ரெண்டு நாளு வாலண்டியரா போயிட்டு இருக்கேன், கேரளாவுல பாலக்காட்டுச் சித்தூர் தாலூக்குல இந்தப்பக்கம் வேலந்தாவளத்துல இருந்து அந்தப்பக்கம் மீனாட்சிபுரம் ரோடு வரைக்கும் எந்த வீட்ல எந்த நாய் கடிக்கும்னு தெரியும்.

பணத்த இப்போதைக்கு கட்டாதீங்க. கோர்ஸ் மோசம்னு சொல்லல. டூலாங்கறது கிரேக்க வார்த்தை, வேலைக்காரப் பொம்பளைன்னு அர்த்தம். பிரசவத்துல கூட இருந்து கையப் புடிச்சுக்கற பொம்பளைங்களத்தான் மொதல்ல அமெரிக்காவுல அப்படிக் கூப்பிட்டாங்க, நம்மூர்ல மருத்துவச்சி வேலையப் பாக்க, முதுகத் தேச்சுவிட்டுட்டு ஒரு அமுச்சி உக்காந்திருக்குமே அந்த வேலைதான். வர்றப்ப ஆள் வேணும்னா போறப்பவும் ஒரு ஆள் வேணாமான்னு யோசிச்சு அப்பறமா வந்துச்சு எண்ட் ஆஃப் லைஃப் டூலா. இனெல்டான்னு ஒரு அமைப்பு 2015ல ஆரம்பிச்சாங்க, அவங்க மாதிரி நெறைய பேர் ட்ரெயினிங் குடுத்து சர்டிபிகேட் தர்றாங்க. ஆனா அந்த சர்டிபிகேட் லைசென்ஸ் கிடையாது, அமெரிக்காவுலயே இந்த வேலைக்கு அரசாங்க லைசென்ஸ்னு ஒன்னு இல்ல. அங்க ஒரு குடும்பம் காசு குடுத்து டூலாவ வச்சுக்கும், மருந்து குடுக்கறது ஊசி போடறது எதுவும் அவங்க வேலை இல்ல, பக்கத்துல இருக்கறது, ஆசைய கேட்டு எழுதி வைக்கறது, வீட்டாளுங்கள தூங்க அனுப்பிட்டு ராத்திரி முழிச்சிருக்கறது, அவ்வளவுதான். இங்க நம்ம கிட்ட அதே வேலை வேற பேர்ல இருக்குது, அதுவும் வாசல்லயே.

1993ல கோழிக்கோடு மெடிக்கல் காலேஜ்ல டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் இவங்கெல்லாம் சேந்து பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் சொசைட்டின்னு ஒன்னு ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல அவங்களுக்கு ஒன்னு புரிஞ்சிருச்சு, படுத்த படுக்கையா கெடக்கறவங்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்க, ஆஸ்பத்திரிதான் அவங்க கட்டிலுக்கு போகோணும், அதுக்கு டாக்டருங்க மட்டும் பத்தாது, ஊர்க்காரங்க வேணும். அப்படி வந்ததுதான் இந்த வாலண்டியர் செட்டப்பெல்லாம். 2008ல கேரளா அரசாங்கம் இதுக்குன்னு தனியா ஒரு பாலிசியே போட்டுச்சு, இப்ப பஞ்சாயத்துக்கு பஞ்சாயத்து ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், ஒரு ஹோம்கேர் வண்டி. ஜனவரி 15 இங்க பாலியேட்டிவ் தினம், அன்னிக்கு பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள கூட்டிட்டு ஊர்வலம் போவாங்க, வெயில்ல புள்ளைங்க பாவம், அது வேற கதை.

வண்டில பாலியேட்டிவ்னு பெருசா எழுதியிருக்கும். சில வீட்ல "வண்டிய முக்குலயே நிறுத்திட்டு நடந்து வாங்க, வாசல்ல நின்னா அக்கம்பக்கம் இன்னிக்கோ நாளைக்கோன்னு பேசுவாங்க"ன்னு சொல்லிருவாங்க. நாங்களும் நிறுத்திட்டு நடந்துதான் போவோம், பையத் தூக்கிட்டு, என்னமோ சீட்டுக்காசு வசூல் பண்ணப் போறவங்க மாதிரி.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன். இது ஒன்ன மட்டும் புடிச்சுக்கிட்டீங்கன்னா மிச்சமெல்லாம் பழக்கத்துல வந்துரும்.

எங்க வண்டில வந்த நர்ஸ் பொண்ணு மலையாளி, சித்தூருக்கும் அந்தாண்ட. தங்கமான பொண்ணு, தமிழ் கேட்டா புரியும் பேச வராது. வாய்ல கேன்சர் வந்த ஒரு ஆத்தா, 74 வயசு, வெத்தலபாக்கு பொகலைன்னு ஆயுசு பூரா மென்னது. நர்ஸ் போனதும் கேப்பா, "அம்மே, வேதன உண்டோ?" ஆத்தா சொல்லும், "இல்லாம இருக்குமா சாமி, நெறைய இருக்குது." "எத்ர? பத்தில் எத்ர?" ஆத்தா ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டும், பத்துக்குப் பத்துன்னு. நர்ஸ் டாக்டருக்கு போன் பண்ணுவா, வலி மருந்து மார்ஃபின ஏத்துவாங்க. அடுத்த வாரம் போனா ஆத்தா பகலெல்லாம் கண்ணு சொருகிக் கெடக்குது, எழுப்பிக் கேட்டா அதே பதில், அதே ரெண்டு கை. மூணாவது தடவைதான் எனக்கு மண்டைல ஒறச்சுது. மலையாளத்துல வேதனன்னா ஒடம்பு வலி. நமக்கு வேதனைன்னா மனசு. அந்தப் பொண்ணு வலி இருக்குதான்னு கேக்கறா, ஆத்தா மனசுல இருக்கறத சொல்லிட்டு இருக்குது. எனக்கு ரெண்டு பாஷையும் சின்ன வயசுல இருந்தே கலந்து கெடக்கறதால ரெண்டு வாரம் பக்கத்துலயே பையத் தூக்கிட்டு நின்னும் காதுல ஏறல, இன்னிக்கும் அத நெனச்சா வெக்கமா இருக்குது. குனிஞ்சு நம்ம பேச்சுல கேட்டேன், ஆத்தா நோவு இருக்குதா, இல்ல வெசனமான்னு. "நோவெல்லாம் கம்மிதான் கண்ணு, மாத்தரை போட்டா அடங்கிருது, சின்னவன் வந்து 6 வருஷமாச்சு"ன்னு சொல்லுச்சு.

காட்டுப் பங்குல சண்டை, அண்ணன் தம்பிக்குள்ள பேச்சில்ல, சின்னவன் பொள்ளாச்சில இருக்கான். நர்ஸ் நடந்தத டாக்டர்கிட்ட சொல்லி மருந்தக் கொறச்சாங்க. நம்பர் வாங்கி நான் போன் பண்ணேன், வர்றேன்னும் சொல்லல வரலைன்னும் சொல்லல. நாலு நாள் கழிச்சு வந்தான். சினிமா மாதிரி கால்ல விழுந்து அழுவான்னு எல்லாம் நெனைக்காதீங்க, நெலவாசல்ல கையக் கட்டிட்டு நின்னான், உள்ள வரவே இல்ல. ஆத்தா பாத்துச்சு, "சாப்ட்டியா"ன்னு கேட்டுச்சு, அவன் "சாப்ட்டேன்"னான், அவ்வளவுதான் ரெண்டு பேரும் பேசுனது. அப்பறம் 9 நாளு இருந்துச்சு, அந்த ஒம்பது நாள்ல ஒரு தடவை கூட ரெண்டு கைய விரிக்கல.

இங்கிலாந்துல சிசிலி சாண்டர்ஸ்னு ஒரு அம்மா, நர்ஸா இருந்து, சோசியல் ஒர்க்கரா இருந்து, அப்பறம் டாக்டருக்கும் படிச்சவங்க, 1967ல லண்டன்ல, சாகப்போறவங்களப் பாத்துக்கற செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸ ஆரம்பிச்சவங்க, அவங்க சொன்னது டோட்டல் பெயின், ஒடம்பு வலி, மனசு வலி, குடும்பத்துல காசுல பேச்சுல வர்ற வலி, சாமிகிட்ட இருக்கற கோவம் எல்லாம் சேந்துதான் ஒரு ஆளோட வலின்னு. இத எனக்கு கிளாஸ்ல போர்டுல எழுதிச் சொல்லிக் குடுத்தாங்க, நோட்டுல எழுதிக்கிட்டேன், புரிஞ்சது அந்த ஆத்தா வீட்டுத் திண்ணைலதான். நீங்க டூலாவோ வாலண்டியரோ என்ன பேர் வச்சாலும் வேலை இதான், அவங்க சொல்ற வார்த்தை எந்த வலியச் சொல்லுதுன்னு கண்டுபுடிச்சு சரியான ஆளுகிட்ட கொண்டு போய்ச் சேக்கறது. நோவுன்னா டாக்டருக்கு. வெசனம்னா பெரும்பாலும் மகனுக்கோ மருமகளுக்கோ. சில நேரம் யாருக்கும் இல்ல, நீங்க கேட்டு வச்சுக்கோணும், அவ்வளவே.

மார்ஃபின்னு சொன்னதும் வீட்ல பயப்படுவாங்க, "அது சாகற மருந்துதானுங்க"ன்னு. இந்தக் கேள்வி உங்களுக்கு கண்டிப்பா வரும், அதனால தெரிஞ்சு வச்சுக்கோங்க. சாதா மார்ஃபின் மாத்தரை 4 மணி நேரத்துக்கு ஒன்னு, வலி வந்த பொறவு போடறது இல்ல, வர்றதுக்கு முன்னாடி கடிகாரம் பாத்து போடறது, நான் போற வீட்லயெல்லாம் போன்ல அலாரம் வச்சுக் குடுத்துட்டு வருவேன். மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருக்கும், கொமட்டும், அப்பறம் சரியாகும், ஆனா மலச்சிக்கல் மட்டும் சரியாகாது, அதுக்கு கூடவே பேதி மருந்து எழுதுவாங்க, அத வீட்ல வேணாம்னு ஒதுக்கிருவாங்க, ஒதுக்குனா ஒரு வாரத்துல வயிறு கல்லாகி அது தனி நரகம். வலிக்கு அளவா குடுக்கறப்ப அது ஆளக் கொல்றதும் இல்ல, குடிகாரன் மாதிரி அடிமையாக்கறதும் இல்ல. இது இத்தன நாள் கெடைக்காம இருந்ததுக்கு காரணம் 1985ல வந்த போதைப்பொருள் சட்டம், கடத்தல்காரனுக்குப் போட்ட பூட்டுல நோயாளியும் மாட்டிக்கிட்டான், 2014ல திருத்தம் பண்ணித்தான் கொஞ்சம் லேசாச்சு. அளவு எவ்வளவு, ஏத்தறதா எறக்கறதான்னு நீங்க வாயே தொறக்கக் கூடாது, அது டாக்டர் வேலை.

என்ன பேசறதுன்னு கேட்டீங்க. பேசாதது எதுன்னு சொல்றேன். "ஒன்னும் ஆகாது"ன்னு சொல்லாதீங்க, ஆகப்போகுதுன்னு அவங்களுக்கு உங்களுக்கு முன்னாடியே தெரியும். "தைரியமா இருங்க" வேணாம். "எங்க பெரியப்பாவுக்கும் இதேதான்" வேணவே வேணாம். அதே மாதிரி எல்லா உண்மையையும் போட்டு ஒடைக்கறதும் உங்க வேலை இல்ல. நம்ம வீடுகள்ல வாசல்லயே மடக்கிருவாங்க, "அவருக்குத் தெரியாதுங்க, அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம், நீங்க எதுவும் வாய விட்றாதீங்க". நான் சரின்னுட்டு உள்ள போய் ஒரே ஒரு கேள்விதான் கேப்பேன், ஒடம்பப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்கன்னு. பாதிப்பேரு சுவத்தப் பாப்பாங்க. மிச்சப்பேரு சொல்லுவாங்க, சொல்லிட்டு "வீட்ல சொல்லிராதீங்க, தாங்க மாட்டாங்க"ன்னு அவங்களும் சொல்லுவாங்க. ரெண்டு பக்கமும் ஒரே ரகசியம், நடுவுல நாம.

அப்படி ஒரு வீட்ல 46 வயசு அக்கா, வயித்துல கேன்சர், புருசங்காரரு தெரியாது தெரியாதுன்னு சத்தியம் பண்ணாரு. நான் தையக்கடைக்காரின்னு தெரிஞ்சதும் அந்த அக்கா பீரோவுல இருந்து அரக்கு கலர் பட்டு ரவிக்கைய எடுத்துக் குடுத்து, "ரெண்டு பக்கமும் புடிச்சுக் குடுங்க, அன்னிக்கு தொளதொளன்னு இருந்தா நல்லா இருக்காது"ன்னாங்க. என்னிக்குன்னு நான் கேக்கல. எத்தன இஞ்சு புடிக்கட்டும்னு கேட்டேன், அளவெடுக்கறப்ப வெலா எலும்பு டேப்புக்கு அடில தட்டுது. ஒரு இஞ்சு புடிச்சு, பிரிக்கறதுக்கு தோதா உள்ள துணி விட்டு அடிச்சேன், அது பழக்க தோசம், யாருக்கு பிரிக்கப் போறோம். அஞ்சு வாரம் கழிச்சு கேதத்துக்குப் போனேன், அதே ரவிக்கைதான் போட்டிருந்தாங்க, அதுவும் தொளதொளன்னுதான் இருந்துச்சு, பின்னாடி யாரோ ஊக்கு குத்தியிருந்தாங்க. ரெண்டு இஞ்சு புடிச்சிருக்கோணும்.

கைக்கு வேலை இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, சும்மா மொகத்தப் பாத்து உக்காந்தா அவங்களுக்கும் கூச்சம். நகம் வெட்டி விடுங்க, தலைக்கு தேங்காண்ணை வச்சு சீவி விடுங்க, அப்பதான் பேச்சு வரும். வாய் சுத்தம் பண்றது ரொம்ப முக்கியம், யாரும் செய்யறதில்ல. கடைசி நாள்கள்ல வாயாலயே மூச்சு விடறதால நாக்கு காஞ்சு பொரிஞ்சு போயிரும், சுத்தமான துணிய வெரல்ல சுத்தி தண்ணில நனச்சு மெதுவா தொடச்சு, ஒதட்டுல கொஞ்சம் நெய்யோ எண்ணையோ தடவுங்க, மணிக்கு ஒருதரம். படுக்கைப்புண் வராம இருக்க 2 மணி நேரத்துக்கு ஒருதரம் பொரட்டிப் போடோணும், வாட்டர் பெட் வாங்கிட்டோமே போதாதான்னு கேப்பாங்க, போதாது. கேன்சர் புண்ணு வெளிய ஒடைஞ்சு நாத்தம் வந்தா அதுக்கும் வழி இருக்குது, மெட்ரோனிடசோல் மாத்தரைய நுணுக்கி புண்ணு மேல தூவச் சொல்லி நர்ஸ் காட்டிக் குடுப்பாங்க, ரெண்டு மூணு நாள்ல நாத்தம் கொறஞ்சு, பேரப்புள்ளைங்க அந்த ரூமுக்குள்ள திரும்ப வர்றத நான் பாத்திருக்கேன்.

சாப்பாடு பத்தித்தான் வீட்ல பெரிய சண்டையே வரும். "சாப்டாததால சாகறது இல்ல சேச்சி, சாகப்போறதாலதான் சாப்டறது இல்ல"ன்னு எங்க நர்ஸ் எனக்கு மொத வருஷமே சொன்னா, ஆனா நான் கேட்டேனா. ஒரு அப்பாருக்கு அவரோட மருமக அழறது தாங்காம ஒரு கரண்டி கஞ்சிய ஊட்டிட்டேன், அவருக்கு முழுங்கற சக்தியே போயிருந்துச்சு, பொரையேறி மூச்சு முட்டி கண்ணு ரெண்டும் பிதுங்கிருச்சு, நர்ஸ் ஓடிவந்து சாய்ச்சுப் புடிச்சு எடுத்தா. அன்னிக்கு வண்டில வர்றப்ப அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசல, திட்டியிருந்தா தேவலைன்னு இருந்துச்சு. பால் ஊத்தறதும் அப்படித்தான். நெனவு இல்லாத ஆளுக்கு சங்குல ஊத்துன பாலு நுரையீரலுக்குத்தான் போகும்.

அதுலயும் நம்ம பக்கம் ஒன்னு இருக்குது, உசுரு இழுத்துக்கிட்டே இருந்தா ஏதோ ஆசை புடிச்சு வச்சிருக்குதுன்னு காட்டு மண்ணக் கரைச்சு ஊத்துவாங்க, வெள்ளிக்காசத் தேச்ச தண்ணிய ஊத்துவாங்க. நீங்க படிச்ச பொண்ணு, கோவம் வரும். சண்டைக்குப் போகாதீங்க. நான் என்ன சொல்லுவேன்னா, ஊத்தாதீங்க, நெத்தில வைங்க, கைக்குள்ள வச்சு மூடி விடுங்க, ஒதட்டுல ஒரு சொட்டு தொட்டு வச்சாப் போதும்னு சொல்லுவேன். இது வரைக்கும் ஒரு வீட்லயும் மறுத்ததில்ல. ராவுத்தர் வீடுகள்ல யாசீன் ஓதிட்டே ஜம்ஜம் தண்ணிய பஞ்சுல தொட்டு வைப்பாங்க, கிறிஸ்தவங்க வீட்ல ஃபாதர் வந்து நோயில்பூசுதல் குடுப்பாரு, நம்ம வீட்ல துளசித் தண்ணி. எந்த வீட்ல எது வழக்கம்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கேக்கற நெலமை வரக்கூடாது.

கடைசி ரெண்டு மூணு நாள் எப்படி இருக்கும்னு வீட்டாளுங்களுக்கு முன்கூட்டியே சொல்லிரோணும், இல்லைன்னா பயந்துட்டு ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, வாளையார் பார்டர் தாண்டறப்ப உசுரு போயிரும், இது நான் நாலு தடவை பாத்துட்டேன். பாதம் சில்லுன்னு ஆகும், முட்டிகிட்ட தோல்ல ஊதா கலர்ல வலை விரிச்ச மாதிரி திட்டு வரும், மூத்திரம் கொறஞ்சு கட்டன்சாயா நெறத்துல வரும். மூச்சு வேகமா வேகமா இழுத்து அப்படியே நின்னுரும், நீங்க மனசுக்குள்ள எண்ணுவீங்க, இருபது முப்பது வரைக்கும் போயிரும், முடிஞ்சுதுன்னு நெனைக்கறப்ப திரும்ப இழுக்கும். தொண்டைல கறகறன்னு சத்தம் வரும், அது முழுங்க முடியாத எச்சில், கேக்கற நமக்குத்தான் கொடுமை, அவங்க பெரும்பாலும் அத உணர்றது இல்ல, ஒருக்களிச்சுப் படுக்க வச்சு தலைய ஒசத்துனா கொறையும், கொறையலைன்னா நர்ஸுக்கு போன் பண்ணுங்க, மருந்து இருக்குது. சிலபேரு நாள்கணக்கா கண்ணத் தொறக்காம இருந்துட்டு திடீர்னு எந்திரிச்சு இட்லி கேப்பாங்க, பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, வீட்ல தேறிட்டாருன்னு பாயசம் வைப்பாங்க. வைக்கட்டும், ஆனா வெளியூர்ப் புள்ளைங்களுக்கு அன்னிக்கே போன் போடச் சொல்லிருங்க.

காது கடைசி வரைக்கும் கேக்கும்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்களே, கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா யுனிவர்சிட்டில 2020ல வெளியிட்ட ஆராய்ச்சில, சாகற தருவாய்ல நெனவில்லாம கெடந்தவங்க தலைல, மூளை அசைவ அளக்கற ஈஈஜி வச்சுப் பாத்தப்ப சிலபேரு மூளை சத்தத்துக்கு அசைஞ்சு குடுக்குதுன்னு கண்டிருக்காங்க. அதனால கட்டிலுக்குப் பக்கத்துல நின்னு தோப்பு யாருக்கு, தென்ன மரம் எத்தனைன்னு பேசறவங்கள மெதுவா திண்ணைக்கு நகத்திருங்க. இத மட்டும் நான் கொஞ்சம் கடுமையாவே செய்வேன்.

உங்க அப்பா விசயத்துக்கு வர்றேன். ஐசியூ வேணாம்னு சொல்ல எங்களுக்கு உரிமை இருந்துச்சான்னு நீங்க கேக்கல, ஆனா கேள்விக்குள்ள அது இருக்குது. 2018 மார்ச் 9ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு, தேறாதுன்னு ஆன பொறவு வெண்டிலேட்டர் மாதிரி உசுர இழுத்துப் புடிக்கற வைத்தியம் எனக்கு வேணாம்னு ஒருத்தர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், லிவிங் வில்லுன்னு பேரு. மொதல்ல மாஜிஸ்ட்ரேட் கையெழுத்தெல்லாம் வேணும்னு இருந்துச்சு, பெருசா யாரும் எழுதல, 2023 ஜனவரில லேசாக்கிட்டாங்க, 2 சாட்சி, அப்பறம் ஒரு நோட்டரியோ கெசட்டட் ஆபீசரோ போதும். எழுதி வைக்கலைன்னாலும் குடும்பத்தோட பேசி, டாக்டர்கள் போர்டு கூடி முடிவெடுக்க வழி இருக்குது. இது ஊசி போட்டு சாகடிக்கறது இல்ல, அது இங்க குத்தம், "ஒரேடியா ஒன்னு போட்டு விட்ருங்க"ன்னு சொந்தக்காரங்க உங்ககிட்டயே கேப்பாங்க, அப்ப அத நோவுன்னு எடுத்துக்கிட்டு டாக்டரக் கூப்பிடுங்க, முக்காவாசி நேரம் வலி அடங்கலைங்கறதுதான் அதோட அர்த்தம். இதெல்லாம் அன்னிக்கு உங்களுக்கு யாரும் சொல்லல. சொல்லாதது உங்க தப்பு இல்ல.

இன்னொரு பார்டர் சமாச்சாரம், வீட்லயே போயிட்டா சாவுப் பதிவு அந்த ஊர் பஞ்சாயத்துல, கோயமுத்தூர் ஆஸ்பத்திரில போனா கோயமுத்தூர்ல, 21 நாளைக்குள்ள. இது தெரியாம இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அலையற குடும்பத்த நெறையப் பாக்கறேன்.

வருமானம். இல்லீங்க. வண்டில வர்ற நர்ஸுக்கு பஞ்சாயத்து சம்பளம் குடுக்கும், நமக்கு டீயும் போண்டாவும்தான். துணை நர்ஸ் கோர்ஸ் படிச்சு பாலியேட்டிவ்லயே வேலைக்கு வர்றவங்க இருக்காங்க, அது ஒரு வழி. கோழிக்கோட்டுல இன்ஸ்டிட்யூட் ஆஃப் பாலியேட்டிவ் மெடிசின், திருவனந்தபுரத்துல 2003ல ராஜகோபால் டாக்டர் ஆரம்பிச்ச பாலியம் இந்தியா, ரெண்டு எடத்துலயும் ட்ரெயினிங் உண்டு. நீங்க கோயமுத்தூர்லயே தங்கறதா இருந்தா தமிழ்நாட்டுல 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துலயும் வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் பாக்கறாங்க, அங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல போய் விசாரிங்க. இந்தப்பக்கம்னா உங்க பஞ்சாயத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பாலியேட்டிவ் நர்ஸ் யாருன்னு கேளுங்க, அவ்வளவுதான் அட்மிஷன். தமிழ் பேசற ஆளுன்னு சொன்னா கையப் புடிச்சு இழுத்துக்குவாங்க, காரணம் மேல சொல்லிட்டேன்.

ஆனா உடனே வேணாம். அப்பா போய் ஒரு வருஷம் முடியட்டும். இப்ப வந்தீங்கன்னா ஒவ்வொரு கட்டில்லயும் உங்க அப்பாதான் படுத்திருப்பாரு, அந்தக் கட்டில்ல நெசமா படுத்திருக்கறவருக்கு அது அநியாயம். தெவசம் குடுத்துட்டு வாங்க. இந்தப் பக்கத்து ஜனங்க நெறையப் பேரு சித்தூர் ஆத்தங்கரைலதான் குடுக்கறாங்க, அந்த ஆத்துக்கு சோகநாசினின்னு ஒரு பேரு இருக்குது, மலையாளத்துப் பழைய கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்துல அந்தக் கரைல வந்துதான் இருந்தாருன்னு அங்க இருக்கற அவரோட குருமடத்துல சொல்லுவாங்க. நானும் எங்க பேஷண்ட் யாராச்சும் போனா வேலை முடிச்சு வர்றப்ப பாலத்துல கொஞ்ச நேரம் வண்டிய நிறுத்தச் சொல்லுவேன், ட்ரைவர் தம்பி பீடி பத்த வைக்கும், நான் தண்ணியப் பாப்பேன், அப்பறம் கடைக்குப் போய் மெஷின்ல உக்காந்துக்குவேன், நாளைக்கு குடுக்கோணும்னு நாலு ரவிக்கை கெடக்கும்.

மொத ஆறு மாசம் உங்கள யாரும் பேச விடமாட்டாங்க, பை தூக்கறது, பேசின்ல தண்ணி கொண்டாறது, அழுக்குத் துணிய சுத்தி ஓரமா வைக்கறது, அவ்வளவுதான், அதுக்கு மொகஞ்சுளிக்காம இருந்தீங்கன்னாவே பாதி டூலா. சில வீட்ல டம்ளர் தனியா வரும், யாரு என்ன ஆளுன்னு விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடுவாங்க, அத எப்படி எடுத்துக்கறதுங்கறது அவங்கவங்க வைராக்கியம், எனக்கு இன்னும் பழகல. மொத நாள் வர்றப்ப நகத்த ஒட்ட வெட்டிட்டு வாங்க, வளையல் வேணாம், பருத்தில ஏதாச்சும் போட்டுக்கோங்க. சென்ட் மட்டும் அடிச்சுட்டு வராதீங்க, நல்ல வாசமா இருந்தாலும் அவங்களுக்கு கொமட்டும்.